தொட்டியின் மேல் வைத்த தர்ப்பை

அம்பி,

காலையில் வாத்தியார் ஒரு கட்டு தர்ப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் சூரிய கிரகணம். பிடிப்பதற்கு முன்னால் ஊறுகாய், தயிர், வெண்ணெய், குடிக்கிற தீர்த்தம் எல்லாவற்றின் மேலும் ஒவ்வொரு தர்ப்பையாகக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும். போட்டதற்குத் தோஷம் இல்லை. போடாத தண்ணீரைக் கிரகணம் விட்டதும் கொட்டி, பாத்திரத்தைத் தேய்த்து, புதிதாகப் பிடித்து வைக்க வேண்டும். அம்மா செய்ததைப் பார்த்து நான் செய்கிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் கட்டை அவிழ்த்தேன், அந்தக் காய்ந்த புல் வாசனை மூக்கில் ஏறியது, கை அப்படியே நின்றுவிட்டது. பதினாலு வருஷமாக ஒவ்வொரு கிரகணத்துக்கும் எனக்கு இதே கதைதான்.

இந்தத் தடவை இன்னும் மோசம். கோதை என்னோடு பேசி ஒன்பது நாளாகிறது. ஒரே வீட்டில்தான் இருக்கிறாள், நான் போடுகிற சாதத்தைச் சாப்பிடுகிறாள், தன் துணியைத் தானே மடித்து வைக்கிறாள். சாத்தமுது விடட்டுமா என்றால் தலையை ஆட்டுகிறாள். பேச்சு மட்டும் கிடையாது. நீ சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றிய அந்தக் குட்டிக் கோதைக்கு இப்போது பத்தொன்பது வயசு. இரண்டு தெரு தள்ளி ஒரு சிசுவிகாரத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அடுப்பை அணைத்தாயிற்று, கிரகணத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, அதனால் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எந்த விலாசத்துக்கு அனுப்பப் போறே அக்கா என்று கேட்டு என் வாயைக் கிளறாதே. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், நீ மேல்கோட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஓட்டை சைக்கிளுமாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாய். மராமத்து இலாகாவில் படம் வரைகிற உத்தியோகம் கிடைத்திருந்தது. "பத்தே நாள் அக்கா, ரூம் பாத்துண்டு போயிடறேன்" என்றாய். ஒரு வருஷம் இருந்தாய். நான் ஒன்றும் போகச் சொல்லவில்லை. வாயால் நூறு தடவை சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம். உன் அத்திம்பேர் ஆபீஸ் விட்டு வந்தால் பேப்பருக்குள் புதைந்துகொள்வார். சம்பத்துக்கு ஏழு வயசு, கோதைக்கு ஐந்து. சாயங்காலம் உன் சைக்கிள் மணி கேட்டால் இரண்டும் தலைதெறிக்க வாசலுக்கு ஓடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கேரியரில் ஒரு இரும்புச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு வந்தாய். கொல்லன் பட்டறையில் நீயே அளவு கொடுத்துச் செய்வித்தது.

"இதென்னடா, கோழிக்கூண்டா?"

"மீன் தொட்டி அக்கா. நாலு பக்கமும் கண்ணாடி வெக்கணும்."

"மீனா? ஆத்துக்குள்ளயா? உனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிச்சுடுத்தா? பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆம்டா இது!"

"அவரோட முதல் அவதாரமே அதுதானே. அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். நீதான் சொல்லுவே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் தளிகை உள்ளுக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். என்னைச் சிரிக்கவைத்துக் காரியத்தைச் சாதித்துக்கொள்வது உனக்குச் சின்ன வயசிலிருந்தே கைவந்த கலை. எதிர்வீட்டு நாகம்மாவுக்குச் செய்தி போன வேகத்தைச் சொல்ல வேண்டுமா? "ஏன்ரீ, ஐயங்கார்ரு மனேலி மீனா? சாரு மாடக்கா?" என்று வாசலில் நின்று கன்னடத்தில் கேட்டாள். ஐயங்கார் வீட்டில் மீனா, சாறு வைக்கவா என்று! நான் கதவைச் சாத்தினேன். ஆனால் அன்றைக்கே கூடத்தில் ஜன்னலோரம் ஒரு பழைய மேஜையை ஒழித்துக் கொடுத்தேன். பெருமாள் உள்ளுக்கும் தளிகை உள்ளுக்கும் பக்கத்தில் வரக்கூடாது என்று மட்டும் சொன்னேன். "உத்தரவு" என்றாய்.

சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து, கண்ணாடியை ஒட்ட மக்கு செய்தாய். சப்பாத்தி மாவு மாதிரி அதை உருட்டித் தருவது குழந்தைகள் வேலை. கோதை உருட்டியதில் பாதி அவள் தலைமயிரில் இருந்தது. மூன்று நாள் அவள் தலையிலிருந்து எண்ணெய் வாடை போகவில்லை. முதல் தடவை தண்ணீர் நிரப்பியபோது தொட்டி நாலு மூலையிலும் ஒழுகியது. சம்பத் ஓடி ஓடித் துணி கொண்டு வந்தான். நீ கூடத்து நடுவில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று, "ஸ்ரீரங்கப்பட்டணத்துல காவேரி ரெண்டாப் பிரியறது, இங்க நாலாப் பிரியறது" என்றாய். நான் திட்டிக்கொண்டே துடைத்தேன். மறுபடி மக்கு, மறுபடி ஒழுகல். மூன்றாம் தடவைதான் நின்றது.

பிறகு மணல். ஆற்று மணலை ஒரு மூட்டை கொண்டு வந்து கொல்லைப்புறம் கொட்டி, குழந்தைகளிடம் ஆளுக்கொரு வாளி கொடுத்தாய். கலக்கு, கொட்டு, கலக்கு, கொட்டு. மேலே நிற்கிற தண்ணீர் தெளிவாகும்வரை விடக்கூடாது என்பது உன் சட்டம். கோதை ஒவ்வொரு வாளிக்கும், "மாமா, ஆச்சா?" என்பாள். நீ வாளிக்குள் உன் விரலை விட்டு, "என் நகம் தெரியறதா பாரு" என்பாய். தெரியவில்லை என்று அவளே சொல்லிவிட்டு மறுபடி கலக்குவாள். ஐந்து வயசுக் குழந்தைக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது? என் வயிற்றில் பிறந்ததற்கு அது வந்திருக்க நியாயமே இல்லை.

மணல் போட்டாயிற்று, ஏரியிலிருந்து கொண்டு வந்த வேலம்பாசியை நட்டாயிற்று, தண்ணீரும் நிரப்பியாயிற்று. இனி மீன்தான் என்று குழந்தைகள் குதித்தால், நீ பத்து நாள் என்று கையை விரித்தாய். "தண்ணி பழகணும். புதுத் தண்ணியில விட்டா மீனுக்கு ஒத்துக்காது. பத்து நாள் சும்மா இருக்கட்டும், தானாப் பழகிடும்." நீ சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை. குடித்தனக்காரிக்குத் தண்ணீர் என்றால் அன்றன்றைக்குப் பிடித்த தண்ணீர்தான். பழைய தண்ணீர் என்பது கொட்டுவதற்கு. ஆனால் குழந்தைகள் நம்பின. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தொட்டியைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். கோதை கையைக் கட்டிக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி, "பரீ தண்ணி. பழகிண்டிருக்கு" என்பாள். வெறும் தண்ணீர் என்பதற்குப் பாதி கன்னடம், பாதி தமிழ். அவரவர் சிரித்துவிட்டுப் போவார்கள், அவள் மட்டும் அங்கேயே நிற்பாள்.

பதினோராம் நாள் விடியற்காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கு மூன்று பேருமாகப் போனீர்கள். என் பழைய ஒன்பது கஜத்திலிருந்து கிழித்த துண்டுதான் வலை. ஐந்து மீன் கொண்டு வந்தீர்கள். விரல் நீளம்கூட இல்லை. ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளியாக ஒரு பொட்டு மின்னியது. "அம்மா, இது நம்மவா மீன், நாமம் போட்டுண்டிருக்கு" என்று கோதை கத்தினாள். அதற்கு நாமக்காரன் என்று பெயர். மற்றதற்கெல்லாம் சம்பத் வைத்த பெயர் தினம் ஒன்றாக மாறும். நாமக்காரன் மட்டும் மாறவில்லை. பக்கத்து வீட்டுக் கல்தொட்டியில் கொசுப்புழு பிடித்து வந்து போடுவது இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் முதல் வேலை.

உன்னிடம் அப்போது சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் வெளியே போன பிறகு, நான் மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். நீயும் நானும் மேல்கோட்டைக் கல்யாணியில் கடைசிப் படியில் உட்கார்ந்து பொரி போட்டது ஞாபகம் வரும். பொரியை மீனுக்குப் போட்டது பாதி, நீ தின்றது பாதி. நாமக்காரன் என்னைக் கண்டால் கண்ணாடிப் பக்கம் வருவான். எனக்கு அவனைப் பிடித்திருந்தது, அம்பி. மீன் என்றால் முகம் சுளிக்கிறவள், வேண்டுமென்று செய்தாள் என்று நீ ஒரு நிமிஷமாவது நினைத்திருந்தால், அது மட்டும் நிஜம் இல்லை.

இரண்டு மாதம் போனது. கிரகணம் வந்தது. விட்டதும் எல்லாரும் ஸ்நானம் செய்தோம். குழந்தைகளையும் அத்திம்பேரையும் கூட்டிக்கொண்டு நீ கோவிலுக்குப் போனாய். நான் வீட்டைச் சுத்தம் செய்ய நின்றுவிட்டேன். குடத்துத் தண்ணீரைக் கொட்டினேன், வெந்நீர் அண்டாவைக் கொட்டினேன், முற்றத்துத் தொட்டியைக் கொட்டினேன். எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து, கிணற்றில் இறைத்து நிரப்பிவிட்டுக் கூடத்துக்கு வந்தால் மீன் தொட்டி. பச்சை பிடித்த கண்ணாடி, மங்கலான தண்ணீர். நாம் எல்லாரும் குளித்துச் சுத்தமாகிவிட்டோம், இந்த வாயில்லாத ஜீவன்கள் மட்டும் கிரகணத் தண்ணீரிலேயே கிடக்க வேண்டுமா என்று தோன்றியது. சத்தியமாகப் பாவப்பட்டுத்தான் செய்தேன். மேலே மூடியிருந்த கண்ணாடியைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளினேன். குளியலறைச் சொம்பால் ஐந்தையும் மொண்டு வாளியில் விட்டேன். பழைய தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். மணலைக் கழுவினேன். மக்கின் எண்ணெய்ப் பிசுக்கும் பச்சையும் போகட்டும் என்று கண்ணாடியைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது. கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரை நிரப்பி, ஐந்தையும் விட்டேன். அவை இங்கேயும் அங்கேயும் ஓடின. சந்தோஷத்தில் ஓடுகின்றன என்று நினைத்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். பிறகு அடுப்பு மூட்டப் போய்விட்டேன்.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். கோதைதான் முதலில் ஓடி வந்தாள், கையில் துளசியோடு. "மாமா, மீனு ஏன் மல்லாந்து படுத்துண்டிருக்கு?" என்று கேட்டாள். பயம்கூட இல்லை குரலில். சம்பத் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தோய்த்து! எல்லாம் சத்தோய்த்து!" என்று அலறிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. செத்துப்போய்விட்டது என்பது அந்த வீட்டில் அன்றைக்குக் கன்னடத்தில்தான் முதலில் கேட்டது. கோதை போட்ட சத்தத்தில் நான் கரண்டியோடு ஓடி வந்தேன். நாமக்காரன் மேலே மிதந்தான்.

நீ தொட்டியின் மேல் குனிந்தாய். மோந்து பார்த்தாய். சீயக்காய் வாசனை உனக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து என் கையைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் அம்பி, திறக்காமல் இல்லை. அதற்குள் நீ குழந்தைகள் பக்கம் திரும்பி, "நாந்தான்டா. நீங்க ஸ்நானம் பண்ணிண்டிருந்தப்போ நாந்தான் தண்ணியை மாத்தினேன். தப்புப் பண்ணிட்டேன்" என்றாய். கோதை உன்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். உனக்கு அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

பிறகு கொல்லைப்புறத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். நான் அழுதுகொண்டிருந்தேன். "நான் சொல்லிடறேன்டா" என்றேன். "வேண்டாம் அக்கா. குழந்தைக்கு அம்மா மேல கோவம் வரப்படாது. மாமா மேலன்னா ரெண்டு நாள்ல போயிடும்" என்றாய். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கூடத்தைத் துடைக்கும்போது மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தர்ப்பை கிடைத்தது. மூடிக் கண்ணாடி மேல் குறுக்கே வைத்தது. நான் தள்ளினபோது பின்னால் விழுந்திருக்கிறது. அக்கா சும்மா இருக்கமாட்டாள் என்று தெரிந்து, என் சாஸ்திரப்படியே நீ காவல் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். தர்ப்பை போட்டதைக் கொட்ட வேண்டியதில்லை. என் வாயால் ஆயிரம் தடவை சொன்ன விதி. ஊறுகாய்க்குப் பார்த்தேன், வெண்ணெய்க்குப் பார்த்தேன், அதற்குப் பார்க்கவில்லை. அந்த ஈரத் தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உன்னிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

நீ சொன்ன கணக்கு சம்பத்துக்குச் சரியாக இருந்தது. அவன் இரண்டே நாளில் பட்டம் விடப் போய்விட்டான். கோதை உன்னோடு டூ விட்டாள். குழந்தைகள் சண்டை போட்டால் டூ, சமாதானமானால் சேத்தி. தினம் நாலு டூவும் ஐந்து சேத்தியும் பார்க்கிற வீடு அது. இந்த டூ மட்டும் முடியவில்லை. சைக்கிள் மணி கேட்டால் உள்ளே போய்விடுவாள். நீ கடலை மிட்டாய் கொண்டு வந்தால் சம்பத்தின் கையில் தன் பங்கையும் கொடுத்துவிடுவாள். நீ அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, "சேத்தியா?" என்று கேட்பாய். அவள் சுவரைப் பார்ப்பாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆறு வாரத்தில் உன்னை மலைநாட்டுப் பக்கம் அணைக்கட்டு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று கோதை மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டு வரவேயில்லை. அங்கிருந்து அவள் பெயருக்குக் கார்டு போடுவாய். ஒவ்வொன்றிலும் ஒரு மீன் படம், உன் உத்தியோகக் கையால் செதில் செதிலாக வரைந்தது. "இங்கே ஆற்றில் இது இருக்கிறது. வாயில் மீசை." அடியில் எப்போதும் ஒரே கேள்வி, "கோதை, சேத்தியா?" நான் படித்துக் காட்டினால் காதைப் பொத்திக்கொள்வாள். பதினேழு கார்டு. பதினெட்டாவதாக வந்தது தந்தி. கூடாரத்தில் மஞ்சள் காமாலை கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே நீ போய்விட்டாய். உனக்கு இருபத்தேழு வயசு முடியவில்லை.

கோதைக்கு அப்போது ஏழு. எல்லாரும் அழுது முடித்த பிறகு என் மடியில் வந்து உட்கார்ந்து, "அம்மா, இனிமே நான் யாரோட டூ?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் பயந்தாங்கொள்ளி. இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்றது இரண்டு மாதமானது, இரண்டு வருஷமானது. நீ இருந்தவரை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீ போன பிறகு சொன்னால், செத்துப்போன மாமாவுக்கு அவள் செய்ததெல்லாம் என்னால் என்று ஆகிவிடும். நிஜமும் அதுதானே. அவள் என்னைக் கட்டிக்கொண்டு தூங்கும்போதெல்லாம், இது அம்பிக்கும் பங்கு சேர வேண்டியது என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் கையை எடுக்கமாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் கோதை பரணிலிருந்து அந்தத் தொட்டியை இறக்கச் சொன்னாள். சிசுவிகாரத்துக் குழந்தைகளுக்காகவாம். மக்கு காய்ந்து வெடித்திருந்தது. அவளே ஆளிவிதை எண்ணெய் வாங்கி வந்து பிசைந்தாள். கூடம் முழுக்க அந்த வாடை. நான் எதிரே உட்கார்ந்து மக்கு உருட்டிக் கொடுத்தேன். அவள் கலகலவென்று பேசிக்கொண்டே இருந்தாள்.

"இந்தத் தடவை பாரும்மா, ஒழுங்காப் பண்ணப்போறேன். குழந்தைகள்கிட்ட முதல்லயே சொல்லி வெச்சுட்டேன். எங்க மாமா ஒருத்தர் இருந்தார், ஒரே நாள்ல எல்லாத் தண்ணியையும் மாத்தி மீனெல்லாத்தையும் கொன்னுட்டார், நாம அந்த மாதிரி பண்ணப்படாதுன்னு."

இருபது குழந்தைகளுக்கு உன்னைப் பாடமாகச் சொல்லியிருக்கிறாள். என் கையில் மக்கு உருண்டை அப்படியே நசுங்கியது.

"மாமா மாத்தல" என்றேன். "நான் மாத்தினேன். சீயக்காய் போட்டு நாந்தான் தேச்சேன். உன் மாமா எனக்காகப் பொய் சொன்னான்."

கோதை கை வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். தர்ப்பை கிடைத்ததையும் சொன்னேன். மாமா காவல் வைத்துவிட்டுப் போயிருந்தான், நான்தான் பார்க்கவில்லை என்றேன்.

"மாமா வெக்கல. நாந்தான் வெச்சேன்" என்றாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "மாமா என் இடுப்பைப் பிடிச்சுத் தூக்கிண்டார், நான் வெச்சேன். இது இருந்தா அம்மா தொடமாட்டா, நீ வெச்ச காவல்னு சொன்னார். அப்புறம் அவரே தண்ணியைக் கொட்டிட்டேன்னார். நான் வெச்ச தர்ப்பையை எடுத்துட்டுக் கொட்டிட்டாரேன்னுதாம்மா அவரோட பேசல. மீனுக்காக இல்ல."

நசுங்கின மக்கை நான் மறுபடி உருட்டினேன்.

"அவர் சேத்தியா, சேத்தியான்னு கேட்டப்போல்லாம் நீ பக்கத்துலயே நின்னுண்டிருந்தியேம்மா" என்றாள். நான் பெட்டியில் வைத்திருந்த உன் பதினேழு கார்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் பேச்சு நின்றது.

மறுநாள் தொட்டி ஜட்காவில் சிசுவிகாரத்துக்குப் போனது. நான் வெட்கம் கெட்டுப் பின்னாலேயே போய் அங்கே ஜன்னலுக்கு வெளியே நின்றேன். முற்றத்தில் வாளி வாளியாக மணல். சட்டை நனைந்த குழந்தைகள் கலக்குகின்றன, கொட்டுகின்றன. கோதை ஒரு வாளிக்குள் விரலை விட்டு, தன் நகம் தெரிகிறதா என்று ஒரு பொடிப் பையனைக் கேட்டாள். தண்ணீர் நிரப்பியதும் குழந்தைகள் மீன் எங்கே என்று கூச்சல் போட்டன. "நீரு பளகபேக்கு. ஹத்து தினா" என்றாள். தண்ணீர் பழக வேண்டும், பத்து நாள். உன் வார்த்தை. பிறகு கன்னடத்திலேயே, மாமாவைப் பற்றி முதல் நாள் தான் சொன்னது தப்பு, மாமா ஒரு மீனையும் கொல்லவில்லை என்று அவர்களிடம் சொன்னாள். யார் கொன்றது என்று ஒரு பெண் குழந்தை கேட்டது. கோதை பதில் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ ஆறு வாரம் இந்த மௌனத்தை என் வீட்டிலேயே இருந்து தாங்கினாய். பிறகு ஒன்றரை வருஷம் கார்டு போட்டுப் போட்டுத் தாங்கினாய். செய்யாத தப்புக்கு. எனக்கு ஒன்பது நாளிலேயே, செய்த தப்புக்கே, சாதம் இறங்கவில்லை. எப்படியடா தாங்கினாய்? ஒரு நாளாவது, போதும் அக்கா சொல்லிடு என்று ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? நீ எழுதமாட்டாய். எழுதியிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலை அவள் அறையைப் பெருக்கப் போனேன். உன் கார்டெல்லாம் மேஜை மேல் வரிசையாக இருந்தது. கடைசிக் கார்டில், "கோதை, சேத்தியா?" என்று நீ கேட்டதற்கு அடியில் அவள் பென்சிலால் எழுதியிருந்தாள். "சேத்தி, மாமா." துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். உனக்குக் கிடைத்துவிட்டது, அம்பி. பன்னிரண்டு வருஷம் தாமதம், உன் அக்காவால். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கோதை வாசலில் வந்து நின்றாள், செருப்பைப் போட்டுக்கொண்டு. இன்றைக்கு அவளுக்கு லீவு. எங்கே கிளம்பினாள் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவளே சொன்னாள்.

"தர்ப்பை வேணும். சாயங்காலம் சிசுவிகாரத்து ஆயா வந்து எல்லாத் தண்ணியையும் கொட்டிடுவா."

கட்டிலிருந்து நல்லதாக இரண்டு எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கீழே விழுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு போனாள். தொட்டியில் இன்னும் மீன் விடவில்லை. பரீ தண்ணிதான்.

இது சேத்தி இல்லை, எனக்குத் தெரியும். கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனால் நீதானே சொன்னாய், பத்து நாள் ஆகும், சும்மா இருக்கட்டும் என்று. இன்றைக்கு ஒன்பது. நான் சும்மா இருக்கிறேன், அம்பி. எதையும் கொட்டவில்லை.

உன் அக்கா